பொழுதுபட முன் வரவேண்டிய பதில்

நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்து முழுகினேன். சாமிப் படத்துக்கு விளக்கேற்றினேன். வெள்ளி என்பதால் வீட்டில் மரக்கறிதான். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் இரண்டு பெட்டிகளில் போட்டு, ஒன்றைக் கணவரின் பைக்குள் வைத்தேன். அவர் பஸ் ஓட்டுகிறவர். நான் அடுப்பை அணைப்பதற்குள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். மற்ற நாட்களில் குட்மேய்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறி வேலைக்குப் போகிற நான், வெள்ளிக்கிழமைகளில் காரில் போவேன். திரும்பும்போது அப்டன் பார்க்கில் இறங்கி ஒரு கிழமைக்கான மரக்கறி வாங்குவது வழக்கம். கார்க் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டிவிட்டுப் புறப்பட்டேன். எட்டரைக்கு மேசைக்கு வந்துவிட்டேன்.

கிழக்கு லண்டன் கவுன்சில் ஒன்றின் தலைவருடைய அலுவலகத்தில் கடிதங்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். அவருக்கு வருகிற கடிதங்களை நான் வாசிப்பேன். பதிலையும் நானே எழுதுவேன், அவர் பேசுகிற மாதிரி. அவர் திருத்திக் கையெழுத்து வைப்பார். குப்பை எடுக்கவில்லை என்பார்கள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை என்பார்கள், மேல்வீட்டுத் தண்ணீர் ஒழுகுகிறது என்பார்கள். எல்லாவற்றுக்கும் அவருடைய குரலில் என்னிடம் ஒரு பதில் உண்டு. அன்றன்று நடந்ததை அன்றன்றே நாட்குறிப்பில் எழுதிவிடுகிற பழக்கம் இருப்பதால் இதை வரிசை பிசகாமல் சொல்ல முடிகிறது.

அதற்கு முந்திய சனிக்கிழமை காலையில், எங்கள் பகுதியில் இருக்கும் சின்ன யூத ஜெப ஆலயத்தின் வாசலில் இரண்டு பேர் இரும்புக் கம்பிகளோடு வந்து அடித்தார்கள். உள்ளே போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வயதானவர்கள். ஒரு காலத்தில் அந்தத் தெருக்கள் முழுக்க யூதக் குடும்பங்கள்; பிள்ளைகள் எல்லாம் வடக்கு லண்டன் பக்கம் போய்விட, வீட்டை விட்டுப் போக மனமில்லாத கிழவர்கள் மட்டும் மிஞ்சியிருந்தார்கள். வாசற்கதவைப் பார்த்துக்கொள்ளும் முதியவருக்குத் தலையில் அடி. அவர் இன்னும் கண் திறக்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அடித்தவர்களில் ஒருவன் பிடிபட்டான். மற்றவன் ஓடும்போது, அடுத்த சனியும் வருவோம் என்று கத்திவிட்டு ஓடினான். அவன் பிடிபடவில்லை.

அன்று இரவே தலைவர் ஜெப ஆலயத்துக்குக் கடிதம் எழுதினார். எழுதியது நான். மிகுந்த அதிர்ச்சி அடைந்தோம், உங்களுக்குத் துணை நிற்போம், வெறுப்புக்கு இங்கே இடமில்லை. இந்த மூன்று வரிகளையும் இதற்கு முன் ஒரு மசூதிக்கும் ஒரு தேவாலயத்துக்கும் எழுதியிருக்கிறேன். அவர்கள் நன்றி சொல்லிப் பதில் போடுவார்கள், கடிதப் போக்குவரத்து அத்தோடு முடியும்.

இந்த முறை முடியவில்லை. திங்கட்கிழமை ஜெப ஆலயத்தின் செயலாளரான ஒரு மூதாட்டி கையால் எழுதிய பதிலை எங்கள் வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அவருடைய தம்பி. தங்கள் கடிதத்துக்கு நன்றி, எங்கள் வழிபாடு சனிக்கிழமை ஒன்பதரைக்குத் தொடங்கும், தாங்கள் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டிருந்தார். தலைவருக்கு அந்தச் சனிக்கிழமை வேறு ஊரில் கட்சிக் கூட்டம். செவ்வாய்க்கிழமை நாங்கள் அனுப்பிய பதிலில், தங்கள் கவலைகளை மிகவும் கருத்தில் கொண்டுள்ளோம் என்று இருந்தது.

புதன்கிழமை அவருடைய இரண்டாவது கடிதம் வந்தது. அது எனக்கு இப்போதும் பாடம்.

"எங்கள் வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் நடக்காது. என் தம்பி போக இப்போது சரியாகப் பத்துப் பேர் இருக்கிறார்கள். பொலிஸ்காரர் ஒருவர் வாசலில் நின்றால் மட்டும் போகலாம் என்று அவர்களுடைய பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். நான் அந்தப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நிற்பாரா, நிற்கமாட்டாரா? இல்லை என்றாலும் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் சொல்லுங்கள். நான் அவர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லவேண்டும்."

ஓம் அல்லது இல்லை. எனக்கு வருகிற கடிதங்களில் இவ்வளவு சின்னதாய் ஒருவரும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மூதாட்டி எனக்குப் போன் எடுத்தார். பொலிஸிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை என்றேன். உண்மை அதுதான். "சரி, நான் போன் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்றார்.

ஒன்றேகாலுக்குப் பதில் வந்தது. வாசலில் ஆள் நிறுத்த வசதியில்லை, காலையில் இரண்டு தடவை அந்தத் தெருவால் கார் போய்வரும் என்று இருந்தது. நான் உடனே கடிதத்தை எழுதினேன். இரண்டாவது வரியிலேயே, சனிக்கிழமை காலை உங்கள் வாசலில் பொலிஸ் நிற்காது, உங்கள் ஆட்களுக்குச் சொல்ல நேரம் வேண்டும் என்பதால் இதை இப்போதே தெரிவிக்கிறேன் என்று போட்டேன். செய்திப் பிரிவுக்குப் பொறுப்பான பெண்ணிடம் கொண்டுபோனேன். அவள் திருச்சிக்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள். வெளியே போகிற எந்தக் கடிதமும் அவள் கையைத் தாண்டித்தான் தலைவரிடம் போகும். மற்றவர்கள் இல்லாதபோது நாங்கள் தமிழில் பேசிக்கொள்வோம்.

வாசித்துவிட்டு அவள் சொன்னாள்: "கொஞ்சம் பொறுங்கக்கா. தலைவர் போலீஸ் பெரியவர் கிட்ட இன்னொரு தடவ பேசிப் பாக்கறேன்னு சொல்லியிருக்கார். இப்ப ஸ்கூல் திறப்பு விழால இருக்கார். மூணு மணிக்கு மேல வந்துருவார்."

"மத்தியானத்துக்கு முன்னம் சொல்லச் சொல்லித்தானே மனிசி கேட்டவா. இப்பவே பிந்திப்போச்சு."

"இல்லன்னு சொல்லிட்டு, அப்புறம் போலீஸ் வந்து நின்னா? நம்ம மானம் போயிடும். அவங்களுக்குப் பொழுது சாஞ்சாத்தானே ஓய்வுநாள்? அதுக்கப்புறம்தான் போன் எடுக்க மாட்டாங்க. ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கு. எதுக்கு இவ்ளோ டென்ஷன்?"

அவள் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. தலைவர் ஒரு முறை பேசிப் பார்ப்பது நல்லதுதானே? கடிதத்தின் மேல் ஒரு மஞ்சள் துண்டு ஒட்டி, "6 மணிக்கு முன்" என்று எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு என் மேசையில் இருந்து நான் செய்தவை: ஒரு பூங்காப் புகாருக்குப் பதில், இரண்டு பாராட்டுக் கடிதங்கள், புட்டு. தலைவர் மூன்றரைக்குத்தான் வந்தார். பொலிஸோடு பேசினார், கதவுக்கு வெளியே கேட்கிற அளவுக்குக் குரலை உயர்த்தியும் பேசினார். நடக்கவில்லை. நாலு இருபதுக்குச் செய்திப் பிரிவுப் பெண் கடிதத்தைக் கொண்டுவந்தாள். அவசரம் என்பதால் அவர்களே அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, தலைவரின் தடித்த உறையில் போட்டு ஒட்டியும்விட்டார்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போயிருந்தது.

"பாருங்க, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல மிச்சம்" என்று சிரித்தாள்.

நான் மூதாட்டிக்குப் போன் எடுத்தேன். மணி அடித்தது. நின்றது. மறுபடி எடுத்தேன். மறுபடியும் அப்படித்தான். குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிறாரோ, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாரோ என்று யோசித்தபடி மூன்றாம் தரம் எடுக்கும்போது, எதிரே கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. கண்ணாடியில் முகம் தெரிய வேண்டுமானால் வெளியே இருட்டாக இருக்க வேண்டும். கார்த் தரிப்பிடத்தில் விளக்குகள் எரிந்தன.

"எப்ப இருண்டது?" என்று கேட்டேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு கைப்போனில் தேடினாள். "நாலு பத்துக்கு சூரியன் மறைஞ்சிருச்சு" என்றாள். "அவங்களுக்கு அதுக்கும் கொஞ்சம் முன்னாடியே... ஐயோ அக்கா, நாலு மணிக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுதாம்."

அவளுக்கு இந்த நாட்டில் பதினாலு வருஷம். எனக்கு இருபத்தெட்டு. இருபத்தெட்டு மாரிக் குளிரிலும் நாலு மணிக்கு இருளக் கண்டிருக்கிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் இருட்டுக்குள் கூட்டிவந்திருக்கிறேன். ஆனாலும் பொழுதுபடுவது என்று யாராவது சொன்னால் என் தலைக்குள் ஆறு மணிதான். யாழ்ப்பாணத்திலும் திருச்சியிலும் தையில் என்றாலும் ஆடியில் என்றாலும் ஆறு மணியை ஒட்டித்தான் பொழுது படும். அந்தக் கட்டடத்தில் வேறு யாரிடம் கேட்டிருந்தாலும், இப்போது நவம்பர் என்று சொல்லியிருப்பார்கள். கேட்டது நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர்.

"நாளைக்கு நைட்டு மெயில் பாப்பாங்கல்ல?" என்றாள்.

"நாளைக்குக் காலமை வாசலுக்கு வரப்போயினம். பொலிஸ் நிக்குமெண்டு நினைச்சுக்கொண்டு வரப்போயினம்."

நான் உறையை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கோட்டைப் போட்டேன். "நேர்ல போகக்கூடாதுக்கா, ரூல்ஸ்ல..." என்று தொடங்கினாள். அதை முடிக்க அவளுக்கும் மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை வாகன நெரிசலில் அந்தக் கொஞ்சத் தூரத்துக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. மூதாட்டியின் வீடு ஜெப ஆலயத்தில் இருந்து இரண்டு கதவு தள்ளி. முன்னறையில் வெளிச்சம். மணியை அழுத்தினேன், யாரும் வரவில்லை. பிறகு கையால் தட்டினேன். உள்ளே ஏதோ அசைந்தது. ஆனால் கதவு திறக்கவில்லை.

"யார்?"

நான் யார் என்று சொன்னேன். சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. சங்கிலி போட்டபடி கதவு ஒரு சாண் திறந்தது. வெள்ளைத் தலை, கறுப்புக் கம்பளிச் சட்டை, ஒரு கையில் ஊன்றுகோல். அதை ஊன்றுவதற்காகப் பிடித்திருக்கவில்லை.

"எனக்குக் கடிதம் எழுதுகிறவர் நீங்கள்தானா?"

"தலைவர் எழுதுகிறார். நான் தயாரித்துக் கொடுக்கிறேன்."

"நல்ல ஆங்கிலம். வாசிக்கச் சுகமாக இருக்கும். வாசித்து முடிந்த பிறகுதான் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரியும்." சங்கிலியை எடுத்தார். "உள்ளே வாருங்கள், குளிர்."

வாசல் நடையில் நின்றபடி உறையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. இரண்டு கைகளையும் ஊன்றுகோலின் மேல் வைத்துக்கொண்டார்.

"இன்று நான் இதைக் கிழிக்க முடியாது. ஓய்வுநாள்."

"நான் கிழித்துத் தரட்டுமா?"

"கிழிக்கச் சொல்லி நான் உங்களிடம் கேட்கவும் கூடாது." சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "ஆனால் திறந்திருக்கிற கடிதத்தை யாராவது சத்தமாக வாசித்தால், காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குச் சட்டம் இல்லை."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. உறையைக் கிழித்து வாசித்தேன். அந்தத் தாளை நான் அப்போதுதான் பார்க்கிறேன். முதல் வரி நான் எழுதியது. இரண்டாவது வரி நான் எழுதியது இல்லை. தங்கள் பாதுகாப்புக் குறித்துக் காவல்துறையுடன் தொடர்ந்து மிக நெருக்கமாகப் பேசி வருகிறோம் என்று இருந்தது. அதன் கீழ், தங்கள் சமூகத்தின் துணிவு எங்கள் எல்லோருக்கும் முன்மாதிரி. அதன் கீழ் தலைவரின் நீல மைக் கையெழுத்து. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது.

"முடிந்ததா?" என்றார்.

"முடிந்தது."

"அப்படியென்றால் வருகிறார்களா?"

கடிதத்தை மட்டும் கேட்டிருந்தால் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். நெருக்கமாகப் பேசி வருகிறார்கள், ஆகவே வருவார்கள். அந்த முகத்தில் ஒரு வெளிச்சமும் வந்திருந்தது.

"இல்லை. பொலிஸ் வராது. இரண்டு தடவை கார் மட்டும் போகும்."

"இதில் எங்கே அப்படி எழுதியிருக்கிறது?"

"நான் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டார்கள்."

அவர் மெல்ல மாடிப்படியின் கீழ்ப் படியில் உட்கார்ந்தார். "உங்களுக்கு எத்தனை மணிக்குத் தெரியும்?"

"ஒன்றேகாலுக்கு."

"ஒன்றேகாலுக்கு நான் அதோ அந்தக் கதிரையைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். மூன்றே முக்கால் வரைக்கும். தம்பியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகவில்லை. நீங்கள் இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், பத்து நிமிஷத்தில் எல்லோருக்கும் போன் பண்ணியிருப்பேன்."

பொழுதுபட ஆறு மணியாகும் என்று நினைத்துவிட்டோம் என்றேன். எங்கள் ஊரில் வருஷம் முழுக்க அப்படித்தான் என்றும் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இங்கே எத்தனை வருஷம்?"

"இருபத்தெட்டு."

"அப்படியென்றால் ஒன்பது மணி தாண்டிப் பொழுதுபடுகிற ஜூன் மாதத்தில் என்ன செய்வீர்கள்? மூன்று மணித்தியாலம் முந்திப் படுத்துவிடுவீர்களா?" சிரிக்கவில்லை. எழுந்து கோட்டைத் தேடினார். "ஒன்பது வீடுகள் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. நான் நடப்பேன். என்னோடு வாருங்கள். இந்த வாரம் இருட்டில் தட்டினால் யாரும் திறக்க மாட்டார்கள். என் குரலுக்குத் திறப்பார்கள்."

நடந்தோம். ஏழு வீடுகள் ஒரே தெருவில், பிறகு ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம் இரண்டு. ஒவ்வொரு கதவிலும் அவர் ஊன்றுகோலால் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தான்தான் என்று சொன்னார். கதவு திறந்ததும் ஒரே வசனம்: "நாளைக்கு இல்லை." சிலர் ஒன்றும் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு மூடினார்கள். மேசையில் இரண்டு மெழுகுதிரிகள், தட்டுகள், பாதியில் விட்ட ரொட்டி. உயரமான ஒரு கிழவர் மட்டும் என்னைக் காட்டி, இது யார் என்று கேட்டார்.

"கவுன்சில் தலைவருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவர்."

"ஓகோ. தாள் நல்ல தாளா?"

"தடித்த தாள்" என்றார் மூதாட்டி.

"அப்படியென்றால் வாசலில் அதை நிறுத்துங்கள்." கதவைச் சாத்தியவர் மறுபடி திறந்து என்னிடம், "அம்மா, உங்கள் மேல் கோபமில்லை. போர்க் காலத்திலும் இந்த வாசலைப் பூட்டியதில்லை என்று என் அப்பா சொல்வார். அதுதான்" என்றார்.

திரும்பி நடக்கும்போது மூதாட்டிக்கு மூச்சு வாங்கியது. ஒரு மதிலில் சாய்ந்து நின்றார். நீங்களும் நானும் இன்றைக்கு எல்லோரையும்விட அதிகமாக நடந்திருக்கிறோம், ஆனால் பத்துப் பேர் கணக்கில் இரண்டு பேருமே வரமாட்டோம் என்றார். காரில் ஏறச் சொல்ல வாயெடுத்தேன். ஓய்வுநாளில் அவர் ஏறமாட்டார் என்பது அதற்குள் நினைவு வந்துவிட்டது.

பத்தாவது ஆள் பாலத்துக்கு அப்பால். தொண்ணூறைத் தாண்டியவர், தனி ஆள், கவுன்சில் அடுக்குமாடியில் இரண்டாம் தளம். மூதாட்டியால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. நான் காரில் போனேன். கீழ்வாசல் பூட்டியிருந்தது. வெளியே வீட்டு இலக்கங்களோடு பொத்தான்கள். அவருடையதை அழுத்தினேன். உள்ளிருந்து கதவைத் திறக்கிற பொத்தானை ஓய்வுநாளில் அவர் தொடமாட்டார் என்று தெரிந்தும் அழுத்தினேன். பக்கத்து வீட்டு இலக்கங்கள் எல்லாவற்றையும் அழுத்தினேன். ஒரு பெண் குரல் யார் என்று கேட்டது. மேல்வீட்டு முதியவருக்கு ஒரு செய்தி என்று சொல்லத் தொடங்கினேன். "இந்த வாரம் தெரியாதவர்களுக்குக் கதவு திறக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்" என்று துண்டித்துவிட்டாள். அந்த அறிவித்தலும் எங்கள் அலுவலகத்தில் இருந்து போனதுதான்.

இரண்டாம் தளத்து ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. புல்வெளியில் இறங்கி நின்று அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு முறை, பிறகு இன்னும் சத்தமாக. திரைச்சீலை ஓர் ஓரத்தில் விலகியது. நான் இரண்டு கைகளையும் ஆட்டினேன். "நாளைக்கு வரவேண்டாம்" என்று கத்தினேன். கண்ணாடி மூடியிருந்தது, அவருக்குச் சொற்கள் கேட்டிருக்காது. இருட்டில் தலையை மூடும் தொப்பி வைத்த கோட்டோடு ஓர் உருவம் நின்று தன் பெயரைச் சொல்லிக் கத்துவதைத்தான் கண்டிருப்பார். திரைச்சீலை ஒரே இழுப்பில் மூடியது. அதற்குப் பிறகு அது அசையவேயில்லை.

எவ்வளவு நேரம் அந்த ஈரப் புல்லில் நின்றேன் என்பதை அன்று நான் குறித்துவைக்கவில்லை.

மூதாட்டியிடம் திரும்பி வந்து சொன்னேன். கதவு நிலையைப் பிடித்தபடி கேட்டார்.

"அவர் வருவார். எப்போதும் முதலில் வருகிறவர் அவர்தான். ஒன்பதுக்கெல்லாம் வந்து, கதவு திறக்கும்வரை வெளியே நிற்பார்."

"அவருக்குப் பயமில்லையா?"

"பயம்தான். தான் வராவிட்டால் பத்து ஒன்பதாகிவிடும் என்று அதைவிடப் பயம்." குனிந்து காலைத் தடவிக்கொண்டு, "நான் வந்து நிற்கலாம். என் காலைப் பார்க்கிறீர்களே, காலையில் இது என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது" என்றார். நீங்கள் வந்து நிற்பீர்களா என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாதவற்றை அவர் கேட்பதில்லை.

அப்டன் பார்க்குக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்தபோது கணவர் அரிசி போட்டு, பருப்பும் வைத்திருந்தார். மேசையில் இருந்தபோது கைப்போனில் திருச்சிக்காரியின் செய்தி வந்தது. "அக்கா, லெட்டரை வெப்சைட்ல போட்டாச்சு. செம ரெஸ்பான்ஸ். ரெண்டு எம்.பி. ஷேர் பண்ணிருக்காங்க. உங்க முதல் வரி சூப்பர்." அடுத்த செய்தி: "அந்த லைனை நான்தான் எடுத்தேன். ஸாரிக்கா. அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" பதில் போடவில்லை. கைப்போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நடந்ததைச் சொன்னேன். கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப அந்தக் கிழவன் நாளைக்கு வந்து தனிய நிக்கப்போகுதோ?"

"ஓம்."

"அந்தப் பிடிபடாதவன் வந்தா?"

"அதுதான்."

"நீர் போகப்போறீர் போல."

"போகாமல் என்ன செய்யிறது?"

"நீர் என்ன பொலிஸோ? அஞ்சடி இல்லை. கம்பியோடை வாறவன் உம்மட்டை அடையாள அட்டை கேக்கமாட்டான்." தட்டைத் தள்ளிவைத்தார். "எனக்கு விடிய அஞ்சு மணிக்கு பஸ் எடுக்கவேணும். இப்ப சொல்லி மாத்த ஏலாது. இல்லாட்டி நான் போவன்."

"தெரியும்."

"எத்தனை மணிக்கு?"

"ஒன்பதுக்கு முன்னம். கிழவருக்கு முன்னம்."

"உங்கடை தலைவருக்குப் பக்கத்திலை நிண்டு படம் எடுக்க எத்தனை பேர் வருவினம். ஒருத்தரையும் கேக்க ஏலாதோ?"

கேட்டுப் பார்த்தேன். பொலிஸின் பொது இலக்கத்துக்கு எடுத்தேன். கார் போகும் என்ற அதே பதிலைப் பணிவாகச் சொன்னார்கள். தலைவரின் கைப்போனுக்கு எடுத்தேன். ரயிலில் இருந்தார். "கடிதம் கிடைத்ததா? அவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்" என்றார். நாளைக் காலை ஒரு முதியவர் அந்த வாசலில் தனியே வந்து நிற்பார் என்று சொன்னேன். "இது கொடுமை. உண்மையிலேயே கொடுமை. திங்கட்கிழமை இதைப் பற்றி ஒரு கடிதம் தயார் செய்யுங்கள்" என்றார். நல்ல மனிதர். அதை நம்பித்தான் சொன்னார்.

நாட்குறிப்பை எடுத்து அன்றைய நாளை எழுதத் தொடங்கினேன். எழுந்த நேரம், சமைத்தது, வந்த கடிதங்கள் எல்லாம் எழுதினேன். ஒன்றேகால் மணி என்று எழுதிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. அந்த நாள் அங்கேயே பாதியில் நிற்கிறது. மிச்சத்தை இப்போதுதான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை விளக்கேற்றவில்லை, தேநீரும் குடிக்கவில்லை. எழுந்ததும் கோட்டைப் போட்டுக்கொண்டு காரை எடுத்தேன். எட்டரைக்கு ஜெப ஆலயத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றேன். மழைத் தூற்றல். தெருவில் யாரும் இல்லை. மூதாட்டியின் வீட்டு ஜன்னலில் திரைச்சீலை பாதி திறந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் பாலத்தின் பக்கமிருந்து ஒருவர் வந்தார். நீண்ட கறுப்புக் கோட்டு, தொப்பி, மிக மெதுவான நடை. கதவடியில் ஓர் ஆள் நிற்பதைக் கண்டதும் அப்படியே நின்றார். திரும்பவில்லை, முன்னேறவும் இல்லை. முதல் நாள் இரவு அவர் ஜன்னலால் கண்ட அதே கோட்டு, அதே உருவம் நான். நான் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கதவை விட்டு விலகி, தெருவின் நடுவுக்கு, அவருக்கு நன்றாகத் தெரியும்படி வந்தேன். தலையை மூடியிருந்த கோட்டுத் தொப்பியைப் பின்னால் தள்ளினேன். பைகளுக்குள் இருந்த கைகள் இரண்டையும் வெளியே எடுத்து, விரித்துப் பிடித்தபடி, அவர் பார்த்து முடிக்கும்வரை மழையில் நின்றேன்.